பறை நிறுத்திய கை

சருவேசுரன் திருவருள் முன்னிற்க. நெய்தலங்கோடு நாட்டை ஆண்டு, முந்நீர்த் துறையும் மூன்று ஏரியும் காக்கும் சந்தனமாற வேந்தன், தாழையூர்ச் சிற்றாலயத்தில் பூசை நிறைவேற்றும் குருவானவர் சவரிநாத சுவாமியார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஊரும், ஊர்ச் சனங்களும், கரையேறிய தோணிகளும் நலமே வாழ்க. நலமென்று எழுதக் கை கூசுகிறது. ஆயினும் முறை அது.

ஐப்பசிப் பெருமழையில் பேரேரி நிரம்பித் தென்மதகு திறக்க நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மதகு திறக்குமுன் தாழ்ந்த நிலத்தார் மேடேறப் பறையறைவது முன்னோர் வகுத்த முறை. அன்று அயல்நாட்டுத் தூதர் நம் அவையில் யாழ் கேட்டிருந்தனர். பறையொலி இடையூறாகுமென்று கருதி, நாம் கை காட்டி அதனை நிறுத்தினோம். மதகு திறந்தது. தங்கள் ஊரில் மூவர் மாண்டனர்.

பிற்பாடு அவை கூடியது. மழை மிகுதி என்றார் கணியர். விருந்தோம்பல் அரசநீதி என்றார் அமைச்சர். களைத்த மனத்தின் மயக்கமென்று மருத்துவர் சூரணமும் தந்தார். பாவம் என்பது பழைய காலத்துப் பேச்சென்று இளையோர் நகைத்தனர். நாம் கேளாமலே எல்லாரும் நம்மை மன்னித்துவிட்டார்கள். அதுமுதல் நமக்கு உறக்கமில்லை.

மாண்டவருள் ஒருவனான தோணிக்காரன் அந்தோணிமுத்துவின் மனைவி ஞானப்பூ அவைக்கு வந்தாள். நிலம் தருகிறோம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை. எல்லாம் மழையால் வந்தது என்று அமைச்சர் ஆறுதல் கூற, “மழையா அய்யா பறைய நிறுத்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என் பாவத்தைக் குருவிடம் அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தலைநகர்ப் பேராலயத்துக்குப் போனேன். குரு அமர்ந்து பாவம் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் திருவிழாக் குடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆறு வருடமாய் முழந்தாளிட ஒருவரும் வரவில்லையாம். அங்குள்ள குருவும், அரசர்க்கு ஏது பாவம் என்று சிரித்து உபசரித்தார். சலித்துப்போனேன், சுவாமி. நோயே இல்லையென்று சொல்லிவிட்டால் மருந்துக்கு எங்கே போவது?

ஆகையால் தவக்காலம் தொடங்கும் வரும் விபூதிப் புதனன்று, குடையும் பரிவாரமும் இன்றித் தங்கள் ஆலயத்துக்கு நடந்து வருகிறேன். என் பாவத்தைக் கேட்டருள்க. மழையைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் தடுத்தருள்க. பின்பு தாழையூர் மேட்டில் பறையறைவித்து, ஊரார் கேட்க, ஞானப்பூவின் முன் நின்று, நானே செய்தேன் என்று சொல்வேன். என்னை மன்னிக்கும்படி எவரும் அவளை வற்புறுத்தலாகாது. இவ்வோலையில் உள்ள அரச ஆணை இது ஒன்றே.

ஆட்சியாண்டு பத்தொன்பது, மாசித் திங்கள் நான்காம் நாள். எழுத்தரை அழைக்கவில்லை. முத்திரை பதித்தது என் கை. பறையை நிறுத்தியதும் இதே கை.