பதினோராவது பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

ஆற்றோரம் பதினோரு தோட்டம், பதினோரு பாட்டில் தண்ணீர். பத்தில் கிருமி வளர்ந்தது. அந்தப் பத்தையும் கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, தட்டுக்கு ஏழு மருந்து வில்லை வைத்தோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் விழும். பாதி வில்லைகளுக்கு மேல் வளையம் விழவேயில்லை. கிருமிகள் வில்லையை உரசிக்கொண்டே வளர்ந்திருக்கின்றன.

அண்ணன் தோட்டத்துப் பாட்டிலில் மட்டும் கிருமியே இல்லை. துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

"ஆத்துத் தண்ணியில ஒண்ணுமே இல்லையா? மினரல் வாட்டரா ஓடுது அங்க?" என்றார் மேடம். ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைமை. இடத்துக்கு இடம் மாறும் மேடம் என்றேன். அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி எதையும் அந்தப் பத்துத் தோட்டத்திலிருந்து சந்தையில் எடுக்க மாட்டார்களாம். அண்ணனுடையதை மட்டும் எடுப்பார்கள். நான் சந்தோஷப்பட வேண்டாமா?

மார்ச் 6

அண்ணன் தோட்டத்துக்கு மேலே நாலு தோட்டம், கீழே ஆறு. எல்லோருக்கும் அதே தண்ணீர். அவனுக்கு மட்டும் ஆறு குளித்துவிட்டு வருமா?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு மறுபடி காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். இரண்டாம் முறை கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. படுத்தபடியே கேட்டார்: "ஏம்மா, பாட்டில் சுத்தமா இருந்துச்சா? நீ குடுத்தப்ப அடியில ஏதோ வெள்ளைப் பொடி. உங்க ஆபீசுக்கு அழுக்குப் பாட்டில அனுப்பினா என் மானம் போயிடாதா? ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுக் கழுவித்தான் உங்க அண்ணன்கிட்ட குடுத்தேன்."

தண்ணீரில் ப்ளீச்சிங் இருந்தால் அதை முறிக்கத்தான் அந்தப் பொடியையே போடுகிறோம். பொடியும் போய், பாட்டிலில் ஒட்டியிருந்த ப்ளீச்சிங் கிருமியையும் கொன்றிருக்கிறது. கடவுளே!

அண்ணி மேல் என்ன தப்பு? மற்ற பத்தையும் நானே ஆற்றில் இறங்கி நிரப்பினேன். அன்றைக்கு அங்கே சாப்பிட உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, நீயே மொண்டுட்டு வந்துடு" என்று பாட்டிலை நீட்டியவள் நான்தானே? தட்டில் ஒன்றும் முளைக்காதபோதே எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன் கையெழுத்த.

மார்ச் 9

மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை. "வா, ரெண்டு பேருமா போய் எடுத்துட்டு வருவோம்" என்றார்.

வரப்பில் நின்று அண்ணன் கேட்டான்: "ஏய் சயின்டிஸ்ட்டு, எந்தத் தங்கச்சியாவது கூடப் பொறந்தவனுக்கே ஆப்பு வைப்பாளா?" ஆற்றில் இறங்கி நானே பாட்டிலை நிரப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

ஏழு வில்லையில் ஒன்றுக்குத்தான் வளையம். பதினொன்றில் இதுதான் படுமோசம். அண்ணியின் சிறுநீர்ப் பரிசோதனையும் வந்தது. அதிலும் ஒரே ஒரு மருந்துதான் கேட்கும் என்கிறார்கள், அதுவும் ஊசியாக. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

"ஆத்துலேருந்துதான் வந்துச்சா?" அண்ணன் கேட்டான்.

"தெரியலண்ணா. வேற எங்கேருந்து வேணாலும் வந்திருக்கலாம். ஆத்துக்கே எங்கேருந்து வருதுன்னு தெரியல."

"இவ்வளவு படிச்சிட்டு தெரியலங்கிற!"

கத்திவிட்டு வெளியே போய் நின்றான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். பயமாக இருந்தது. அந்த ஒன்றும் கேட்காவிட்டால்?

மார்ச் 15

அண்ணிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பாடா.

மார்ச் 17

சந்தையில் இனி எடுக்க மாட்டார்கள் என்று கீரைப் பாத்திகளை அண்ணன் உழுதுவிட்டானாம். மக்காச்சோளம் போடப் போகிறானாம். அண்ணி சொல்லித்தான் தெரியும். என்னோடு அவன் பேசுவதில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஆய்வுக்கூட வாசலில் கூட்டமாக ஆட்கள் வந்திருப்பதாக வாட்ச்மேன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அண்ணன்! கூடவே மற்ற தோட்டக்காரர்கள் பத்துப் பேரும். போன வாரமே மேடத்திடம் பாட்டில் வாங்கிப் போயிருக்கிறான். என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை.

ஐஸ் பெட்டியில் ஆறு பாட்டில். ஆஸ்பத்திரிச் சாக்கடை, மருந்துத் தொழிற்சாலைக் குழாய், கோழிப்பண்ணை வாய்க்கால் என்று ஆற்றில் வந்து கலக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று பிடித்திருக்கிறார்கள்.

"எங்கேருந்து வருதுன்னு தெரியலன்னியே, சயின்டிஸ்ட்டு. இப்பப் பாத்துச் சொல்லு."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் இடமும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தது. அண்ணியின் குண்டுக் கையெழுத்து. அதன் கீழே, ஆறிலும், அடிக்கோடு போட்டு ஒரே வார்த்தை: கழுவவில்லை.