ஐம்பது இலைக் கல்யாணம்

கடலூர், 3 ஜூன் 1966

அரிசித் தட்டுப்பாடாம். கல்யாணத்தில் ஐம்பது பேருக்கு மேல் விருந்து கூடாது என்று உத்தரவு. என் கல்யாணம் இருபத்துமூன்றாம் தேதி. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, வாரண்ட் வந்த மாதிரி முகம் வெளுத்து உட்கார்ந்தார். காக்கிச்சட்டை போட்ட தபால்காரரைக் கண்டாலே எழுந்து நிற்கிற மனுஷர்.

5 ஜூன்

சிதம்பரத்திலிருந்து வருங்கால மாமனார் நடனசபாபதி வந்தார். தாலுகா ஆபீசில் ரிடையர் ஆனவர். அதிகாரம் மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை.

"மொத பந்தி மாப்பிள்ளை வூட்டுக்குத்தானே வழக்கம்? அம்பது எலையும் எங்க ஜனத்துக்கே ஆயிடும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

ஆக, என் கல்யாணத்தில் என் மனுஷர் ஒருத்தருக்கும் ஒரு வாய் சோறில்லை. சர்க்காரும் சம்பிரதாயமும் சம்பந்தி ஆகிவிட்டன. நடுவில் நான் எதற்கு?

7 ஜூன்

தெரு முழுக்க ஒரே பேச்சு: ஐம்பதுக்கு மேல் ஆள் கூடினாலே போலீஸ் வரும். யார் சொன்னது? எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொன்னால் உண்மையா?

டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இன்றுதான் ஒரு பிரயோஜனம். சப்ளை ஆபீசுக்கு லைன் போட்டு நானே கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு தூக்கக் குரல்: "அரிசிக்குத்தாம்மா உத்தரவு. கம்புக்கு இன்னும் ஒண்ணும் வரலை." வருவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியதுதான்!

கம்பஞ்சோறு, கேழ்வரகுக் களி, பண்ருட்டிப் பலாப்பழம். ஊரையே கூப்பிடலாம். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஆனாலும் கம்புக்குச் சொல்லி வைத்தார்.

10 ஜூன்

மாமனாருக்கு விஷயம் போய்விட்டது. "களி திங்கவா எம் புள்ளைக்குக் கல்யாணம்? களி ஜெயில்ல போடுவான்!" என்று கத்தினாராம். அரிசிச் சோறு, ஐம்பது இலை, அத்தனையும் அவர்களுக்கு. இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம்.

14 ஜூன்

லீவு போட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளையைத் தேடிப் போவதா என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கலியமூர்த்தி தன் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். நல்ல முகம். "எனக்குக் கம்பஞ்சோறு புடிக்குங்க. நீங்க சொல்றதும் ஞாயந்தான். ஆனா அப்பாவைக் கேட்டுத்தான்..."

"நாளைக்கு நம்ம வூட்ல என்ன கொழம்புங்கறதையும் அவரைக் கேட்டுத்தானா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படின்னா இதையும் அவருகிட்ட சொல்லிடுங்க. இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும்வரை அழுதேன். கெட்டவனாக இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

16 ஜூன்

அம்மா இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை.

18 ஜூன்

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அக்கா கேட்டதற்கு அப்பா, "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றார். நாளா தள்ளிப் போயிற்று? வேண்டாம் என்றவள் நான். அதைச் சொல்ல அப்பாவுக்குக் கலெக்டர் கையெழுத்து வேண்டுமோ? என்னோடும் பேசுவதில்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

23 ஜூன்

கம்பும் பலாவும் வந்து இறங்கிவிட்டன. பழம் கல்யாணம் நின்றதென்று பழுக்காமல் இருக்குமா? அம்மா சமைத்தாள். தெருவைக் கூப்பிட்டோம்.

பந்தி நடக்கும்போது சப்ளை ஆபீசர் ஒருவர் பியூனோடு வந்து நின்றார். கல்யாணம் நின்ற செய்தி சர்க்காருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. வந்ததும் இலைகளை எண்ண ஆரம்பித்தார். சாப்பிட்டவர்கள் கை அப்படியே நின்றது.

அப்பா எழுந்தார். கும்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எண்ணிக்குங்க சார். எல்லாம் கம்பு. கல்யாணம் இல்லை. மாப்பிள்ளையை வேணாம்னு சொன்னது எம் பொண்ணு."

பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அஞ்சம்மாள் அக்கா வாயில் வைத்த பலாச்சுளையைக் கடிக்க மறந்தாள்.

ஆபீசர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கம்பஞ்சோற்றைப் பார்த்தார்.

"சௌந்தரம், சாருக்கு ஒரு எலை போடும்மா" என்றார் அப்பா.

போட்டேன்.