தேன்மொழியின் முதுகுக் கோடுகள்

3.11.2008, திங்கள்
விடாத மழை. கடலூர் பஸ் லேட். சிதம்பரம் வந்து சேர்வதற்குள் ஸ்கின் ஓ.பி.யில் கூட்டம்.
சேத்தியாத்தோப்பு தேன்மொழி, வயது 24. முதுகில் நாலு கோடு, மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளி. கருநீலம். அவள் கை எட்டாத இடம். பதில் சொன்னதெல்லாம் கூட வந்த நாத்தனார்.
"காத்து கருப்பு வேலைங்க. யாரும் தொடல, தன்னால வருது."

சோரியாசிஸா, லைக்கன் பிளானஸா? இரண்டும் இப்படிக் கோடாக வரும். சுரண்டினேன். வெள்ளிச் செதில் இல்லை, ரத்தப்புள்ளி இல்லை. வாய்க்குள், கன்னத்தில் வெள்ளை வலை. லை.பி. என்றுதான் தோன்றுகிறது. தோல்துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பியாச்சு. வார்டில் அட்மிஷன். செருப்பு இன்னும் காயவில்லை.

7.11, வெள்ளி
ஸ்லைடு ரெடி. சோரியாசிஸ் என்றால் மேல்தோலின் அடிவிளிம்பு விரல்கள் போல நீண்டிருக்கும். இதில் ரம்பப் பல். கீழே அணுக்கள் பட்டையாக அப்பி, அடிவரிசையை அரித்தபடி. லை.பி. உறுதி. சந்தோஷமாக சீஃபிடம் ஓடினேன்.
"பேரு சரிம்மா. ஆனா நோய் தானா கோடு போடாது. கீறின இடத்துல, ரெண்டு வாரம் கழிச்சு மொளைக்கும். கீறினது யாரு?"
நல்ல வெயில். நேரே வார்டுக்குத் திரும்பினேன்.

8.11, சனி
நாத்தனாரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு தேன்மொழியிடம் கேட்டேன்.
"யாரும்மா கீறுனது?"
"காத்து கருப்பு வேலைங்க. யாரும் தொடல, தன்னால வருது."
வார்த்தை மட்டுமில்லை. குரலும் அப்படியே நாத்தனாருடையது.
இனி அந்தம்மாவை உள்ளே விட வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொன்னேன்.

14.11, வெள்ளி
மறுபடி மழை. பதினோரு நாளாக தேன்மொழி வார்டைத் தாண்டவில்லை. முதுகுக் கோடுகள் மங்கல். கழுத்தில் புதிது. இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஒன்று.
பக்கத்துக் கட்டில் அம்மாள் மூட்டை கட்டிவிட்டாள். "வேற எடம் குடுங்க. நா இங்க படுக்க மாட்டேன்."
சிஸ்டரின் கைக்கண்ணாடியைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். இது இங்கே வந்து பட்டதில்லை, வருவதற்கு முன்பே பட்டது, இப்போதுதான் வெளியே தெரிகிறது என்றேன். வெகுநேரம் பார்த்தாள். தன் கையைக் கழுத்தில் வைத்து, கோட்டுக்கு ஒரு விரலாக விரித்தாள். எட்டவில்லை. கோடு போட்ட கை இன்னும் பெரியது.
"எழுதிக்கிங்க டாக்டர். கூட வந்த அண்ணிதான். என் வீட்டுக்காரரு என் கால அமுக்கிப் புடிச்சிக்கிட்டாரு."