கேரியர் பட்டை

ராசாத்திக்கு, நலம்தானே? உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

என் டெலிவரி பைக்கின் முன் மட்கார்டு லொடலொடவென்று ஆடி டயரில் உரசியது. உன் அம்மா சீராகக் கொடுத்த டிபன் கேரியரின் எவர்சில்வர் பட்டையைக் கழற்றி, வளைத்து, மட்கார்டுக்கு முட்டுக்கொடுத்துப் போல்ட் போட்டேன். அசையவே இல்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "கம்பெனி வண்டியில கை வைக்க நீ யாருடா?" என்று கத்திக் கழற்ற வைத்தான். மறுநாளே மட்கார்டு உடைந்து டயரில் சிக்கியதில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. அந்த மகராசன் இன்று பல்லிளித்துக்கொண்டு, "எல்லா வண்டிக்கும் அதே மாதிரி செஞ்சு குடுப்பா" என்கிறான்! நான் விழுந்தால்தான் இவனுக்குப் புத்தி வருமா?

சிராய்ப்புக்கு நல்ல களிம்பு அனுப்பு. கேரியர் பத்திரமாக இருப்பதாக உன் அம்மாவிடம் சொல். வேறு கேரியர் அனுப்பாதே. பட்டை போன நாலு அடுக்கில் ஒன்றில்தான் சாப்பிடுகிறேன். மீதி மூன்றும் நீ கழுவிக் கொடுத்த மேனிக்கே கிடக்கின்றன.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்