பதினோரு பௌர்ணமியும் ஒரு தீபமும்

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. காலுக்கு ஐஸ் வையுங்கள், நடக்காதீர்கள்.

டிவியில் நான் பார்க்கும் அமெரிக்க பாஸ்கெட்பால் அணி எண்பத்திரண்டு லீக் ஆட்டத்தில் அறுபத்து நான்கு ஜெயித்ததைச் சொன்னதும், நண்பர்கள் முன்னால், "லீக்ல ஜெயிச்சு இன்னா பண்றது? ப்ளேஆஃப்ல தோத்தா ஜீரோதான்" என்று சிரித்தீர்கள். நான் டீ போடப் போனேன்.

இந்த வருடம் பதினோரு பௌர்ணமி முழுக் கிரிவலம் சுற்றினீர்கள். நேற்று தீபத்தன்று மட்டும் பாதியில் கால் சுளுக்கி, யாருடைய பைக்கிலோ திரும்பினீர்கள். உங்கள் விதிப்படி ஜீரோ. என் விதிப்படி கிட்டத்தட்ட தொண்ணூற்றிரண்டு சதவீதம். மாலைக்குள் ஒரு விதியைத் தேர்ந்தெடுங்கள்.

பூவிழி

பி.கு.: உங்கள் அப்பா போன் செய்தார். "பன்னெண்டுல பதினொன்னு மாமா" என்றேன். "அத்த வுடும்மா, நேத்து சுத்துனானா இல்லியா?" என்றார். அவரும் உங்கள் கட்சிதான். காலை பத்து மணிக்கே நேரில் வருகிறார்.