திங்கட்கிழமை கம்பி மாற்ற வேண்டும், அண்ணி

என்னை இன்னும் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கும் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது ஐப்பசியில். இப்போது பங்குனி. இந்த ஐந்து மாதத்தில் உங்களை நினைத்து அழுததைவிட நான் பல்லைக் கடித்ததுதான் அதிகம். பதினொரு பன்றிகளை ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போகிறவர், எது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சொன்னீர்கள்தான். நான்தான் காதில் வாங்கவில்லை. பிரம்மதேசம் பக்கத்தில் இருக்கிற நம் ஒன்றரை ஏக்கரை எட்டுக் கட்டமாகப் பிரித்து, கரண்டு கம்பி இழுத்து, திங்கட்கிழமைதோறும் பன்றிகளை அடுத்த கட்டத்துக்கு ஓட்டுவீர்கள். திண்டிவனத்துத் தையல் கடைக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான், "இதுங்களுக்கு வாராவாரம் வூடு மாத்தணுமா?" என்று கிண்டலடித்துவிட்டுப் போவேன். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாளாவது நான் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிருப்பேனா?

உங்கள் காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் லாரி எடுக்கக் கிளம்பிவிட்டது. "யாவாரிகிட்ட சொல்லிக்கிறேன், வித்துடலாம்" என்றது. எனக்கும் சம்மதம்தான். விற்கப்போகிறதை இடம் மாற்றுவானேன் என்று ஒரே கட்டத்தில் விட்டேன்.

மூன்றே வாரம், அண்ணி. மழை வேறு. புல்லெல்லாம் வேரோடு போய் முழங்கால் சேறாகிவிட்டது. குட்டிகளுக்கு வயிறு ஊதிப்போய் இருமல். கால்நடை டாக்டர் வந்து என்னைத்தான் பிடித்தார்.

"கழிஞ்ச எடத்துலயே திரும்பத் திரும்ப மேஞ்சா புழு புடிக்காதா? அந்தம்மா இன்னாத்துக்கு மாத்திக்கினே இருந்தாங்கன்னு நெனச்ச?"

அது போதாதென்று, பேட்டரி தீர்ந்துபோன கம்பியைத் தள்ளிக்கொண்டு உங்கள் தாய்ப்பன்றி வெள்ளச்சி பக்கத்துக் கொல்லைக்குப் போய், ஏழுமலை அண்ணன் அப்போதுதான் விதைத்த மல்லாட்டை விதைக்கடலையைக் கிளறித் தின்றுவிட்டது. பன்றி நாற்றம் என்று உங்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்ட மனுஷன், வரப்பில் நின்று கத்துகிறார்:

"உங்க அண்ணி இருந்தவரைக்கும் ஒருநாளாவது கம்பி தாண்டிச்சா? நீ இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கிற?"

இதை உங்களிடம் நேரில் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆத்திரத்தில் மறுநாள் கடைக்கு லீவு போட்டேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, குச்சிகளைப் பிடுங்கி நட்டு, இரண்டு முறை ஷாக் வாங்கி, உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கம்பி இழுத்தேன். கேப்பைத் தவிட்டு வாளியைக் காட்டியதும் வெள்ளச்சி பின்னாலேயே வந்தது. புதுக் கட்டத்தில் புல் முட்டிவரை நின்றது. குட்டிகள் அதற்குள் பாய்ந்து சுற்றிச் சுற்றி ஓடின. நீங்கள் ஓய்வு கொடுத்து வைத்திருந்த புல். சேற்றோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது, ஒழுங்காக.

வியாபாரி வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணன் போனில், "உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று குதித்தது. "திங்கக்கெழம வந்து கம்பிய இழு, அப்பாலப் பேசு" என்று வைத்துவிட்டேன். வந்தது. ஷாக்கும் வாங்கியது.

நேற்று ஏழுமலை அண்ணன் வந்தார். மல்லாட்டை பிடுங்கி முடித்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"மண்ணுல நெறைய உதிர்ந்து கெடக்குது. உங்க பன்னிங்கள நம்ம கொல்லையில கொஞ்ச நாளு உடுறியா? கிளறித் தின்ன மாதிரியும் ஆச்சு, எருவும் ஆச்சு."

நான் யோசிக்கவே இல்லை. "அண்ணியக் கேட்டுச் சொல்றேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் கேட்கிறேன், விடட்டுமா? இத்தனை வருஷம் மூக்கைப் பொத்தியவருக்கா என்று எனக்கு எரிகிறது. உங்களுக்கு எரியாது, சிரிப்பீர்கள். அது எனக்கு இன்னும் எரிச்சல். சரி, விடுகிறேன். கம்பியை நானே இழுப்பேன். ஒரு வாரத்துக்கு மேல் ஒரு நாள்கூட அங்கே வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பேச்சை இப்போது கேட்கும்
நாத்தனார்,
செல்வராணி