குச்சி விழாத நாலாம் இடம்

போன ஞாயிறு உன் வீட்டுக்காரர் ராஜகீழ்ப்பாக்கம் வந்து ஒரு செருப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனா" என்றார். உள்ளே பத்து கேசட். மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை, கூடவே என் பழைய எரிச்சல். போய்ச் சேர்ந்தவள்மேல் பொறாமைப்படலாமாடி? எனக்கு வருகிறதே.

எண்பத்தாறில், காலேஜ் படிக்கும்போது, தாம்பரம் புதர்க்காட்டில் நமக்கு ஒரே ஆய்வு, இரண்டு வேலை. பத்து இடங்களில் நான் செடி எண்ண வேண்டும். அங்கே கேட்கிற சத்தத்தை நீ பதிவு செய்ய வேண்டும். செடி மாறினால் சத்தமும் மாறுமா என்று பார்க்கத்தான். நான் முள்ளில் மண்டிபோட்டுக் காரை, சூரை, களா என்று எண்ணிக்கொண்டிருப்பேன். நீ டேப் ரிக்கார்டரை மடியில் வைத்து, கண்ணை மூடி, மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாய். சாயங்காலம் சார் எல்லோரையும் கூப்பிட்டு உன் கேசட்டைத்தான் கேட்கவைப்பார். என் நோட்டை எவன் பார்த்தான்? வயிறு எரிந்தது.

செடி எண்ண ஒரு முறை உண்டு. திரும்பி நின்று தோளுக்கு மேலே குச்சியை வீச வேண்டும். அது விழுந்த இடத்தில்தான் கயிறு கட்டிச் சதுரம் போடலாம். நமக்குப் பிடித்த இடத்தைப் பொறுக்கக் கூடாது. நாலாம் இடமோ வெறும் பொட்டல். அன்றைக்கு நான் குச்சியை வீசவில்லை. நேராக ஓரத்துப் புதருக்குப் போய்ச் சதுரம் கட்டி, "பதினாறு வகைடீ!" என்று கத்தினேன்.

உன் பட்டியலில் நாலாம் இடத்துக்கு நேரே காற்று மட்டும். "இவ்ளோ செடி இருக்கற எடத்துல ஒரு குருவிகூடவா கத்தல? ரிக்கார்டரப் போட்டுட்டுத் தூங்கிட்டியாம்மா? கேசட்ட எடு" என்றார் சார், எல்லோர் முன்னாலும்.

"நாடா சிக்கிப்போச்சு சார்" என்றாய்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லிவிட்டேன், போ. அப்புறம் சார் மறுபடி பதிவு செய்யச் சொல்ல, ஒரு மாதம் குரோம்பேட்டையிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, அதே பொட்டலில் மறுபடி உட்கார்ந்தாய்.

நேற்று கேசட்டுகளைப் போட்டுக் கேட்டேன். முதல் மூன்றிலும் குச்சி விழும் 'டொக்' தெளிவாக இருக்கிறது. நாலாவது நாடா ஓரிடத்திலும் சிக்கவில்லை. அதில் 'டொக்' இல்லை. என் செருப்புச் சத்தம் தூரமாகப் போகிறது, பிறகு என் கத்தல். பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில் உன் குரல்: "குச்சியே போடலியே இவ."

ஒரு தரம் போட்டுக் காட்டியிருந்தால் நான் தொலைந்திருப்பேன். இத்தனை வருஷம் என் வீட்டில் காபி குடித்தாய், வாயைத் திறக்கவில்லை. பாவி, இதிலுமா நீ என்னை முந்த வேண்டும்? உன் காதுமேல் இருந்த பொறாமையையாவது தாங்கிக்கொண்டேன். இந்தப் பொறாமையை எங்கேடி கொண்டுபோய் வைப்பேன்?

இன்று காலை அங்கே போனேன். நாலாம் இடம் இன்னும் பொட்டல்தான். திரும்பி நின்று குச்சியை வீசினேன். இரண்டு கோரை, ஒரு நெருஞ்சி. நோட்டில் அதை மட்டும் எழுதினேன்.

சத்தம் கேட்டுச்சாடி?